முரடன் ஏறமாட்டான்

பிப்ரவரி 4

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சுகம். வீடும் சுகம், கூரை ஒழுகவில்லை. உங்கள் இருமல் எப்படி? சுரங்கத்துத் தூசிக்கு மூக்கில் துணி கட்டச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கட்டுங்கள். அழகு ஒன்றும் குறைந்துபோகாது. அங்கே உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் மீசைக்காரர்கள்தானே.

ஒரு நல்ல சேதி. மலைமேல் இருக்கிற கிளை மருத்துவமனைக்கு என்னைத் தடுப்பூசிப் பொறுப்பாளராகப் போடலாமா என்று எங்கள் கால்நடை டாக்டரம்மா கேட்டார். பதினொரு வருஷமாக மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஊசியைத் தன் கையில் பிடிக்கிற வேலை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஒரே நிபந்தனை, சொந்த வண்டி வேண்டும். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க முடியாதாம்.

"எங்க வீட்லயே ஜீப் இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நம் ஜீப், நம் முரடன், மலைப்பாதையில் ஏழாவது வளைவைத் தாண்ட மாட்டானே. அந்த ஏழாவது வளைவால்தான் மலைமேல் இருக்கிற அக்கா நாலு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு வலி கண்டபோது அவள் புருஷன் வெளியூரில். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக் கிளம்பிய நான், நீங்களும் பக்கத்தில் இருக்க, நடுவழியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நாம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. "வர மனசில்லைன்னு சொல்லிட்டுப் போ. வண்டி மேல ஏன் பழி போடற?" என்றாளே, அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறதாம். தண்ணீர் சூடாகும்வரை வழியை மூடி வைத்து, சூடானதும் திறந்துவிடுகிற வேலை அதற்கு. நம் வண்டியில் இருப்பது பழைய மாதிரி, எண்பத்தெட்டு டிகிரியில்தான் திறக்கும், அதுவும் அரைமனதாக. இப்போது வருகிறது எண்பத்திரண்டிலேயே திறந்து, வாயையும் அகலமாகத் திறக்குமாம். அதன் கூடு முதற்கொண்டு புதிதாகக் கிடைக்கிறது. மாற்றிவிடலாமா? வண்டியை உங்களைப்போல் அறிந்தவர் யார்? சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 19

அன்புள்ள மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் இருக்கிறது. துணி கட்டுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

வண்டி விஷயம். தெர்மோஸ்டாட்டைத் தொடாதே. அது கம்பெனியில் பொருத்திய நாளிலிருந்து யாரும் கை வைக்காதது. அதைக் கழற்றினால் போல்ட் உடையும், போல்ட் உடைந்தால் எஞ்சின் ஹெட் போகும், ஹெட் போனால் வண்டி போகும். நான் பிட்டர். இருபது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். எனக்குத் தெரியாததா அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்துவிட்டது? எந்தக் கடை? பழைய கடையா, புதிதாக வந்தவனா? அவன் ஏன் உனக்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்து விளக்குகிறான்?

முரடன் ஏறமாட்டான். அது அவன் பிறவிக் குணம். அவனைச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஓட்டு, போதும்.

மேலே வேலை என்றாயே, உன்னை மட்டும்தான் போடுகிறார்களா, வேறு யாரும் வருகிறார்களா? டாக்டரம்மாவுக்கு ஏன் திடீரென்று உன்மேல் இவ்வளவு அக்கறை? நன்றாக யோசி. ஆகஸ்டில் எனக்கு லீவு. வந்து நானே பார்க்கிறேன். அதுவரை பொறு.

மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. ஆயில் மாற்ற வேண்டுமா என்று கணக்குப் பார்க்கத்தான்.

இங்கே முகாமில் இருக்கிற ஒரே போனுக்குப் பின்னால் எப்போதும் இருபது பேர் நிற்கிறார்கள். அதனால் கடிதத்திலேயே விவரமாக எழுது.

உன்,
கணவன்


மார்ச் 6

என் வீட்டுக்காரருக்கு,

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேளை இல்லாத வேளையிலும் சாப்பிடுகிறேன். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில். கடை பழைய கடைதான். கடைக்காரருக்கு வயது அறுபத்தெட்டு, ஒரு காது கேட்காது. அவர் விளக்க நேரம் எடுத்துக்கொள்வது என் கேள்வி அவர் காதில் மூன்றாம் முறைதான் விழுகிறது என்பதால். மேலே நான் மட்டும்தான் போகிறேன், என்னோடு நானூறு மாடும் அதைவிட அதிகமாக ஆடும் இருக்கும். டாக்டரம்மாவுக்கு என்மேல் அக்கறை திடீரென்று வரவில்லை. பதினொரு வருஷம் பிடித்தது.

மீட்டர் 64,318.

ஆகஸ்டு வரை பொறுத்தால் வேலை போய்விடும். ஜூன் ஒன்று என்று எழுதியிருந்தேனே, மறந்துவிட்டீர்களா? மாட்டேன் என்றால் அடுத்தவளைப் போட்டுவிடுவார்கள். அவளிடமும் ஒரு வண்டி இருக்கிறது, அது ஏறுகிறது.

ஜீப்பின் டேஷ்போர்டு அறையில் அதன் புத்தகம் கிடந்தது. எலி கடித்தது போக மீதியைப் படித்தேன். தெர்மோஸ்டாட்டை யாரும் தொடக்கூடாது என்று அதில் இல்லை. மூன்று போல்ட், ஒரு பேக்கிங், தண்ணீரை முதலில் வடித்துவிடவும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறான். உங்களுக்கு அது நினைவில்லாமல் இருக்கலாம். உங்களிடம் சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் இந்த வேலை எனக்கு வேண்டும். சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 20

அன்புள்ள மனைவிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே, அதைப் பற்றிக் கவலைப்பட இங்கே யாரும் இல்லை.

நான் கிளம்பிய ஜனவரி ஐந்தாம் தேதி மீட்டர் 63,990. மருத்துவமனைக்குப் போக மூன்று, வர மூன்று. ஐம்பது நாள் வேலை என்று வைத்தால் முந்நூறு. சந்தை போகிற வழியிலேயே இருக்கிறது. மீதி இருபத்தெட்டு கிலோமீட்டர் எங்கே போனாய்? நான் சந்தேகப்படுகிறவன் இல்லை. ஆனால் கணக்கு என்றால் கணக்கு.

புத்தகத்தில் ஆயிரம் எழுதுவான். புத்தகம் எழுதினவன் அந்த மலையில் ஓட்டிப் பார்த்தானா? வண்டியின் சாவியை என் தம்பியிடம் கொடு. அவன் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தி வைப்பான். உன் வேலைக்குப் பக்கத்து வீட்டு டீச்சரோடு நடந்து போ. நடப்பது உடம்புக்கும் நல்லது.

மேலே வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. வண்டி ஏறாது என்றுதான் சொல்கிறேன்.

உன்,
கணவன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொள்வது,

நான், என் வீட்டில் அவள், பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம். உனக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன், சுரங்கத்தில் ஜாக்கிரதை.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன், நீ சொன்னபடியே. ஜீப் நிற்கிற கொட்டகைக்குள்ளிருந்து யாரோ விசில் அடிக்கிற சத்தம் கேட்டது. "அண்ணி"ன்னு கூப்பிட்டதும் விசில் சட்டென்று நின்றுபோச்சு. அண்ணி மட்டும் வெளியே வந்தாங்க. கை இரண்டும் முழங்கை வரை கறுப்பு. கொட்டகை வாசலில் முழங்கால் உயர பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. உன்னுடையது இல்லை, உன்னுடையது தோல், இது ரப்பர்.

"சாவி குடுங்க அண்ணி, அண்ணன் சொன்னாரு" என்றேன். "உட்காருங்க, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றாங்க. சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, மூன்று தடவை போட்டுக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் "வண்டி இன்னும் என் பேர்லதான் இருக்கு, இல்லையா?" என்று கேட்டாங்க. அது அவங்க அப்பா கொடுத்த வண்டிதானே அண்ணா? சாவி கிடைக்கவில்லை.

கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். அண்ணி குறுக்கே நின்றுகொண்டு, "உள்ள ஆயில் கொட்டிக் கிடக்கு, வழுக்கிடுவீங்க" என்றாங்க. உள்ளே யாராவது இருந்தார்களா என்று என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்த்ததைச் சொல்லிவிட்டேன், இனி உன் பாடு.

அன்புத் தம்பி


ஏப்ரல் 8

மனைவிக்கு,

யாருடைய பூட்ஸ்? விசில் அடித்தது யார்? தம்பியைக் கொட்டகைக்குள் ஏன் விடவில்லை? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

அந்த வண்டியைத் திறந்தவன் எவன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கணவன்


ஏப்ரல் 27

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே எழுதியிருந்தால் என்னென்னவோ எழுதியிருப்பேன். அதனால் ஆறப்போட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் என்னுடையது. மருத்துவமனையில் கொடுத்தது, சாணியில் நிற்பதற்கு. விசில் அடித்தது நான். எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது பத்து வருஷக் குடித்தனத்தில் உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு நான் என்ன செய்ய? நீங்கள் வீட்டில் இருக்கும்போது அடித்ததில்லை, அவ்வளவுதான். உங்கள் தம்பியை உள்ளே விடாதது, வண்டி பிரித்துக் கிடந்ததைப் பார்த்தால் அன்றைக்கே உங்களுக்கு எழுதிவிடுவார் என்பதால். அந்த இருபத்தெட்டு கிலோமீட்டர், ஏழாவது வளைவு வரை பதினான்கு, திரும்பப் பதினான்கு. சூடு காட்டுகிற முள் எங்கே சிவப்பைத் தொடுகிறது என்று பார்த்து வந்தேன்.

தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. போல்ட் உடையவில்லை, ஹெட் போகவில்லை. போன ஞாயிறு மலை உச்சி வரை போய், அக்கா வீட்டுத் தெருமுனையிலேயே திருப்பிக்கொண்டு வந்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர். முள் பாதியைத் தாண்டவில்லை.

பழைய தெர்மோஸ்டாட்டை வீணாக்காமல் சோதித்தேன். பாத்திரத்தில் தண்ணீரைக் காய்ச்சி, மருத்துவமனையில் ஊசி அவிக்கிறபோது வைக்கும் தெர்மாமீட்டரையும் போட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். எண்பத்தெட்டில் திறந்தது, அரைமனதாக இல்லை, முழுசாக. அப்படியானால் வண்டி இத்தனை நாளும் ஏன் கொதித்தது என்று யோசிக்கிறேன். அதையும், அதோடு உள்ளேயிருந்து வந்ததையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

என்னிடமும் இரண்டு கேள்வி இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்களோடு கோபித்துக்கொண்டு இதே வண்டியில் அக்கா வீட்டுக்குப் போய் நாற்பது நாள் இருந்தேனே, அன்றைக்கு முரடன் எப்படி ஏறினான்? அதற்குப் பிறகு அந்தத் தெர்மோஸ்டாட் கூட்டைக் கடைசியாகத் திறந்தது யார்?

இப்படிக்கு,
வீட்டுக்காரி


மே 5

என் அன்பு மனைவிக்கு,

எப்படி இருக்கிறாய்? உன் முழங்கால் வலி எப்படி? பூட்ஸ் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். தம்பி ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன், உனக்குத் தெரியாதா? நீ விசில் அடிப்பாய் என்று கேட்டதும் சிரிப்புதான் வந்தது.

கூட்டை யாரும் திறக்கவில்லை. நான் திறக்கவில்லை. அன்றைக்கு ஏறியது ஏறியதுதான், மழைக்காலம், குளிர்ந்த காற்று, எஞ்சினுக்கும் வயசு கம்மி. வண்டிக்கும் மனுஷனைப் போலத்தான், ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. இதற்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருக்காதே.

சில வண்டிகளில் தண்ணீர் வேகத்தைக் குறைப்பதற்காகக் கம்பெனிக்காரனே உள்ளே ஒரு தகடு வைத்து அனுப்புவான். நம் வண்டி பழையது என்பதால் இருந்திருக்கலாம். அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. துருப்பிடித்த தகரம், கையைக் கிழித்தால் சீழ் பிடிக்கும். டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போடு. கடைக்காரரிடம் காட்டினாயா? வேறு யாராவது பார்த்தார்களா? காட்டாதே, சிரிப்பார்கள்.

மேலே வேலைக்குப் போக வேண்டும் என்றால் போ. நான் எப்போது தடுத்தேன்? டப்பாவைப் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உன் அன்பு
கணவன்


மே 19

வீட்டுக்காரருக்கு,

உங்களுக்கு இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் முழங்காலில் வலி இல்லை. அது உங்கள் தம்பி மனைவிக்கு.

தகடு என்று நான் எழுதவே இல்லை. "உள்ளேயிருந்து வந்தது" என்றுதான் எழுதினேன். தூசியாக இருக்கலாம், துருவாக இருக்கலாம், செத்த எலியாகக்கூட இருக்கலாம். நீங்கள் தகடு என்றீர்கள். நீங்கள் வேறு எதையாவது எழுதியிருக்கக் கூடாதா என்று அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வண்டியைத் திறந்தவன் எவன் என்று கேட்டீர்கள். எவனும் இல்லை. நான்தான். தண்ணீரை வடித்து, மேல் ஹோஸைக் கழற்றி, மூன்று போல்ட்டையும் எடுத்தேன். தெர்மோஸ்டாட் வந்தது. அதற்கு அடியில் வட்டமாக ஒரு தகரம். தண்ணீர் போகிற வழியை முழுக்க மூடி, நடுவில் மட்டும் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. சமவெளியில் மெதுவாக ஓட்டினால் அந்த ஓட்டை போதும். மலையேறினால் போதாது, கொதிக்கும். தெர்மோஸ்டாட்மேல் ஒரு தப்பும் இல்லை. பாவம், ஆறு வருஷமாகத் திறந்து திறந்து பார்த்திருக்கிறது, தண்ணீர்தான் வரவில்லை.

முதலில் கம்பெனித் தகடு என்றுதான் நானும் நினைத்தேன். கழுவிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பால் பவுடர் டப்பாவின் நீல எழுத்து பாதி தெரிகிறது. அந்த டப்பாவின் மூடி காணாமல் போனதென்று வீடெல்லாம் தேடினேனே. இன்றைக்கும் அதைத் தட்டு போட்டுத்தான் மூடுகிறேன். தகரத்தின் ஓரத்தை அரம் போட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறது, கை கிழிக்காமல். எஞ்சினுக்குள் கிடக்கப் போகிற தகரத்துக்குக்கூட ஓரம் தேய்க்கிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வீட்டு ஜன்னல் கம்பிக்கும் என் அரிவாள்மணைக்கும் தேய்த்துக் கொடுத்த அதே கை. என் கை கிழிந்துவிடக் கூடாது என்று பார்ப்பவர் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு என்மேல் சந்தேகம் உண்டு என்று தெரியும். மீட்டரைப் பார்ப்பதும், தபால் உறையைத் திருப்பிப் பார்ப்பதும் தெரியும். சரி, குணம் அப்படி, மனசு நல்லது என்று இருந்துவிட்டேன். அக்காவுக்கு வலி கண்ட நாளில் ஏழாவது வளைவில் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் ஓடையில் தண்ணீர் மொண்டு மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினீர்கள். சட்டையெல்லாம் நனைந்து, உங்களைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. மூன்று போல்ட். எனக்கே பத்து நிமிஷம்தான் ஆயிற்று. நீங்கள் பிட்டர்.

முப்பதாம் தேதி நான் மேலே கிளம்புகிறேன். அதற்குப் பிறகு எழுதுவதை மேலே மருத்துவமனை முகவரிக்கு எழுதுங்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் நான் படிக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
நான்


ஜூன் 8

உனக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நான்தான் வைத்தேன். நீ அந்த நாற்பது நாள் மேலே இருந்தபோது வீட்டில் நான் தனியாக இருந்தேன். தினமும் சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலில் நிற்பேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் "இன்னும் வரலையா?" என்று கேட்பான். நீ வந்தாய். ஒன்றும் நடக்காதது மாதிரி அடுப்பைப் பற்றவைத்தாய். ஏன் வந்தாய், எவ்வளவு நாளைக்கு வந்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பப் போய்விடுவாய் என்று பயம். மறுவாரம் நீ வண்டியை விட்டுவிட்டு வேலைக்கு நடந்து போயிருந்தபோது மூடியை வெட்டினேன்.

ஒரு மாசத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு மாசம் ஒரு வருஷமாயிற்று. வண்டி கொதிக்கிறது என்று நீயே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தாய், எனக்கும் அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

உன் அக்காவுக்காகக் கிளம்பிய அன்று ஸ்பேனர் என் பையில்தான் இருந்தது. எடுத்தால் நீ பார்ப்பாய். உன்னை ஓடைக்கு அனுப்பிவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன், நீ அழுதுகொண்டு நகரவே இல்லை. அதனால் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை கிடையாது.

இதை யாரிடமாவது சொல்லிவிட்டாயா? என் தம்பிக்குத் தெரியுமா? தெரிந்தாலும் பரவாயில்லை. பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

ஆகஸ்டு லீவில் நேராக மேலே வந்துவிடட்டுமா? பஸ்ஸில் வருகிறேன். இல்லை, நீ கீழே வருகிறாயா? எது என்று எழுது. எது என்றாலும் சரி.

உன்,
கணவன்


ஜூலை 2

உங்களுக்கு,

கடிதம் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன், உண்மையாக இருந்ததால். நான் சுகமாக இருக்கிறேன். இருமல் இன்னும் நிற்கவில்லை என்றால் முகாம் மருந்தை நம்பாமல் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள். இதைக் கோபமில்லாமல்தான் எழுதுகிறேன்.

வேலை பிடித்திருக்கிறது. போன மாசம் மட்டும் இருநூற்றுப் பத்து மாட்டுக்கு ஊசி போட்டேன், நாலு உதை வாங்கினேன். முரடன் தினமும் ஏறுகிறான், இறங்குகிறான்.

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். "இன்னிக்கு மட்டும் ஏறிடுச்சா?" என்றாள். தகரத்தைக் கையில் கொடுத்தேன். இது என்ன, எங்கே இருந்தது, யார் வைத்தது என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்காக ஒன்றைக்கூட மறைக்கவில்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன்னை நம்பாம இருந்ததுல நானும் கூட்டுடி" என்று அழுதாள். பிள்ளைக்கு நாலு வயது. நான் யார் என்று கேட்டான். சித்தி என்று சொல்லிக்கொடுத்தாள்.

ஏன் வந்தாய் என்று அன்றைக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது சொல்கிறேன். நாற்பதாவது நாள் அக்கா, "இங்கேயே இருந்துடு, ஒரு குறையும் வராது" என்றாள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் அனுப்பவில்லை. நானே சாவியை எடுத்தேன், நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்த ஒன்று போதாதா உங்களுக்கு? அதைவிடப் பெரிதாக ஒரு பெண்டாட்டி எதைக் கொடுக்க முடியும்?

நீங்கள் தகரம் வைத்தது அதற்குப் பிறகு. ஆறு வருஷம் உங்களோடு சிரித்தேன், சமைத்தேன், சண்டை போட்டேன், எங்கேயும் போகவில்லை. எனக்குப் பிடித்து உங்களோடு இருந்தேனா, வண்டி ஏறாததால் இருந்தேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை. உங்களுக்கும் இனி எப்போதும் தெரியாது. என்னிடமிருந்து நீங்கள் எடுத்தது அதுதான். அக்காவோடு பேசாமல் போன நாலு வருஷத்தைக்கூட மீட்டுக்கொண்டேன், இதை மீட்க வழி தெரியவில்லை.

ஆகஸ்டில் லீவு வந்தால் கீழே நம் வீட்டில் இருங்கள். வீட்டுச் சாவி டீச்சரிடம் இருக்கிறது. மேலே வர வேண்டாம், பஸ்ஸிலும் வர வேண்டாம், தம்பியையும் அனுப்ப வேண்டாம். வா என்றும் எழுத வேண்டாம். நான் வருவேனா என்று இப்போது சொல்ல முடியாது. வந்தால், நானாக வந்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நான்